வீடு புதையவில்லை, தெருதான் ஏறியது

நீங்கள் கேட்டது இதுதான். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உங்கள் தாத்தா வீடு. எண்பதுகளில் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போவீர்கள். இப்போது போய்ப் பார்த்தால் ரோடும், வாசலைத் தாண்டியதும் வருகிற ரேழியும் ஒரே மட்டம். மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. வீடு மண்ணுக்குள் இறங்கிவிட்டதா, ஊரே ஏன் இப்படி அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

வீடு ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்காது. தெருதான் ஏறியிருக்கிறது. இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம், டெல்டாவில் முப்பது வருடம் ஊராட்சி ஒன்றிய ஓவர்சியராக இருந்து இந்த மாதிரித் தெருக்களை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

கணக்கைப் பாருங்கள். முதலில் மண் தெரு. அதன்மேல் கிராவல் கொட்டி உருளை ஓட்டினால் அரை அடி. சில வருடம் கழித்து ஜல்லி ரோடு. ஒரு அடுக்குக்கு 75 மில்லிமீட்டர், இரண்டு அடுக்கு, இன்னொரு அரை அடி. அதன்மேல் தார், 20 மில்லிமீட்டர். அது பெயர்ந்ததும் மறுபடி ஒரு அடுக்கு ஜல்லியும் தாரும், சுமார் நாலு அங்குலம். அப்புறம் சிமென்ட் ரோடு வந்தது. அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது மறுபடி அரை அடி. எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டு அடி வருகிறது. உங்கள் தாத்தா வீட்டு மூன்று படியின் உயரமும் அதேதான்.

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் எஸ்டிமேட்டில் அதற்குப் பணம் இருக்காது. தோண்ட ஒரு கூலி, அள்ளிக்கொண்டு போய் எங்காவது கொட்ட இன்னொரு கூலி. கொட்ட இடம் வேறு வேண்டும். இருக்கிற தொகையில் இருநூறு மீட்டர் போடலாம் என்றால், சுரண்டிவிட்டுப் போட்டால் நூற்றைம்பதுதான் வரும். மிச்சம் ஐம்பது மீட்டர் வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? அது மட்டுமில்லை, சுரண்டிய வேலை கண்ணுக்குத் தெரியாது. உயர்த்திப் போட்டால்தான் ரோடு போட்ட மாதிரி இருக்கும். “பக்கத்துத் தெருவை உசத்திட்டீங்க, தண்ணியெல்லாம் எங்க தெருவுக்கு வருது, எங்களுதையும் உசத்துங்க சார்” என்று மனு கொடுத்தவர்களை எண்ணி முடியாது. உசத்தினோம். வேலையை அளந்து பதிகிற எம்.புக்கில் கனம், நீளம், அகலம் எழுதினோம். வீட்டு வாசற்படி மட்டத்தை எழுத அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது.

2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவு அனுப்பினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த உத்தரவு. படித்தபோது சந்தோஷம்தான், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கிராமத்துச் சந்துக்குள் சுரண்டுகிற மிஷின் நுழையுமா என்பது வேறு கதை.

தரை உயர்வது ஒன்றும் புதிதல்ல. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு மழைக்காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், முன்வாசல் பள்ளத்தில் குளம் மாதிரித் தண்ணீர் நிற்கும். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. சுற்றியுள்ள தரை மெல்ல மெல்ல ஏறிக் கோயில் பள்ளத்தில் போய்விட்டது. ஆனால் அதற்கு எட்டு நூற்றாண்டு ஆயிற்று. நாங்கள் நாற்பது வருடத்தில் முடித்துவிட்டோம்.

மண் தெரு இருந்த காலத்தில் இப்படி ஏறாததற்குக் காரணம் உண்டு. மழை தெருமண்ணை அரித்துக்கொண்டு குளத்துக்குப் போகும். கோடையில் குளம் வற்றினால் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். தெருவில் பள்ளம் விழுந்த இடத்துக்கு ஒரு வண்டி மண். போவதும் வருவதும் சரியாகப் போகும். தெருவின் வாட்டம், அதாவது சரிவு, குளத்தைப் பார்த்து இருக்கும். ஊருக்குள் பெய்த மழை குளத்துக்குத்தான் போயாக வேண்டும். சிமென்ட் ரோடு போட்டபோது நாங்கள் வாட்டத்தை நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் கொடுத்தோம். நடுவில் மேடு, ஓரத்தில் வீடு. பக்கத்தில் சாக்கடை கட்டுவது தனி எஸ்டிமேட், தனி வருடம், சில ஊரில் தனி தலைமுறை.

இனி ஊரின் அமைப்புக்கு வருகிறேன். டெல்டா கிராமம் என்பது வயலுக்கு நடுவே கொஞ்சம் மேடான திட்டு. அதுதான் நத்தம். யார் எந்த மேட்டில், யார் எந்தப் பள்ளத்தில் என்பது நேற்று முடிவானதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகளில், ஊருக்கு ஊர் வரி கிடையாத நிலம் எது என்று பட்டியல் வரும். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கைவினைஞர் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் பல ஊர்களுக்குள் நடந்து போகலாம், வழி தப்பாது.

உங்கள் தாத்தா வீடு அக்ரகாரத்து அமைப்பில் கட்டிய வீடு என்று நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கொல்லை. முகப்பு குறுகல், ஆனால் உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டோடு ஒரே நடுச்சுவர். எல்லா வீட்டுத் திண்ணையும் ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் இருக்கும். அந்த வரிசையே தெருவுக்கு ஒரு மட்டக்கோடு மாதிரி. முற்றத்துத் தண்ணீர் ரேழிக்கு அடியில் ஒரு தூம்பு வழியாகத் தெருவுக்கு வரும். இதைக் கவனியுங்கள், வீடு தெருவை விட உயரம் என்று நம்பித்தான் அந்தத் தூம்பை வைத்திருக்கிறார்கள். இப்போது தெரு உயரம். அதே தூம்பு வழியாகத் தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. உங்கள் கூடம் நனைவதற்கு வாசற்படியை விட இதுதான் பெரிய காரணமாக இருக்கும்.

அக்ரகாரத்துத் தெருக்காரர்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படிப்பு, உத்தியோகம் என்று சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். வீடுகளைக் குத்தகைக்காரர்களும் கடைவைத்திருந்தவர்களும் பிறகு வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்களும் வாங்கினார்கள். சிலது பூட்டியே கிடந்து நடுச்சுவர் விழுந்தது. ஒரு வீட்டு நடுச்சுவர் விழுந்தால் அடுத்த வீடும் சேர்ந்து போகும், ஒட்டிக் கட்டியதன் பலன். இடித்தவர்களுக்குக் கட்டடத்தை விடத் தேக்குத் தூணும் வாசல் நிலையும்தான் லாபம். உங்கள் ஊர்த் தூண் எங்கோ ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கலாம்.

இதைவிட வேகமாக வேலை செய்தது பாகப்பிரிவினை. நீளமான வீட்டை இரண்டு அண்ணன் தம்பி குறுக்கே பிரிக்க முடியாது. பிரித்தால் பின்னால் இருப்பவனுக்கு வாசல் இல்லை. அதனால் நெடுக்கே பிரித்தார்கள், முற்றத்தின் நடுவில் சுவர் வைத்து. தம்பி தன் பாதியை இடித்துக் கான்கிரீட் போட்டிருப்பார். அண்ணன் பாதி ஓட்டோடு நிற்கும், அந்தப் பக்கத்துக் கைமரமெல்லாம் வெட்டுப்பட்டு. பத்தடி அகலத்தில் வீடு கட்டும்போது திண்ணைக்கு இடம் எங்கே? படிக்கட்டு, வண்டி நிறுத்த ஒரு சரிவு, கிரில் கேட், அவ்வளவுதான்.

திண்ணை போனதற்குத் தொலைக்காட்சியைக் குற்றம் சொல்வது வழக்கம். கொஞ்சம் உண்மை. ஆனால் டிவிக்கு முன்பே மோட்டார் சைக்கிள் வந்து திண்ணையில் பாதியை இடித்துவிட்டது. மூன்று படி ஏற வண்டியால் முடியாது. ரோடு உயர உயர, திண்ணை உட்காருகிற உயரத்திலிருந்து கால் வைக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் போகிற புழுதி முகத்துக்கு நேரே அடித்தால் யார் உட்காருவார்?

திண்ணை போச்சே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்? உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊர் எப்படி மாறியது என்று கேட்டால் நத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. உண்மையில் பெரிய மாற்றம் நடந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பண்ணையாட்கள் குடியிருந்த சேரியில்.

அங்கே இருந்தது மண்சுவரும் கீற்றும். அதுவும் சொந்த இடமில்லை, நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் இடம். பண்ணை வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். நல்ல வீடு கட்டுவதில் அர்த்தமே இல்லை, நாளைக்குக் கிளம்பச் சொன்னால்? 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் குடியிருந்த மனை அப்போதும் கைக்கு வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீற்றுக் குடிசை என்றால் என்ன என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு மூன்று வருடத்துக்குள், 1971இல், குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் அந்த மனை சொந்தம் என்றது. என் பார்வையில் டெல்டா கிராமங்களின் கட்டடச் சரித்திரத்தில் எந்த ரோட்டையும் விடப் பெரிய தேதி அதுதான். மனை சொந்தமான பிறகுதான் செங்கல் வாங்குவதைப் பற்றி ஒருவன் யோசிக்கவே முடியும்.

பின்னால் வந்தவை அரசுத் திட்டங்களில் கட்டிய தொகுப்பு வீடுகள். 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம். 1997இல் சமத்துவபுரம் அறிவித்து, அடுத்த வருடம் முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தார்கள். நூறு வீடு, எல்லாச் சாதியும் கலந்து, தெரு பிரிக்காமல். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 21 லட்சம் குடிசையைக் கான்கிரீட் ஆக்குவது இலக்கு, ஒரு வீட்டுக்கு முதலில் 60,000 ரூபாய், பிறகு 75,000. 2011இல் பசுமை வீடு, 300 சதுர அடி, 1.80 லட்சம், சூரிய விளக்கோடு. 2024இல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, 3.50 லட்சம். ஆட்சி மாறும்போது முகப்பின் வடிவமும் மாறும். இந்த வீடுகள் இருக்கிற ஒரு காலனித் தெருவில் நடந்தால் எந்த வீடு எந்த ஆட்சியில் கட்டியது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. பழைய தொகுப்பு வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, தூங்குகிறவர் மேல் விழுகிறது. கொடுத்த தொகைக்கு வீடு முடியாது, மீதிக்கு நகையை அடகு வைத்தவர்கள் நிறையப் பேர். கீற்றுக்குக் கீழே இருந்த குளிர்ச்சி கிடையாது, மே மாதம் உள்ளே இருக்க முடியாது. ஆனால் கீற்று வீடே நல்லது என்று அந்தத் தெருவில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரை பறந்த இரவைப் பார்த்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள். அந்தப் புயலில் ஓட்டு வீடுகளும் தப்பவில்லை.

சேரிக்கு வழங்கிவந்த ‘காலனி’ என்ற பெயரையே பொதுப் புழக்கத்திலிருந்தும் அரசு ஆவணத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். போர்டு மாற்றுவது சுலபம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் நத்தத்துத் தெருவை உயர்த்தியதால் வழிகிற தண்ணீர் அங்கேதான் போய் நிற்கிறது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு ஓடுகளை மழைக்கு முன் வருடாவருடம் பிரித்து மாற்ற வேண்டும். பூனை ஓடினால் நகரும், குரங்கு வந்தால் உடையும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஆரம்பித்த சூளையிலிருந்து பரவிய சீமை ஓடு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், எடை குறைவு, அதனால் வசதி இருந்தவர்கள் அதற்கு மாறினார்கள். மெத்தை வீடு என்றால் அதற்கும் மேல். தேக்குக் கட்டை மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறல், வெல்லம் எல்லாம் சேர்த்து அடித்து இறுக்கிய மாடி. ஓடு மாற்றுகிற ஆளும் சுண்ணாம்பு அரைக்கிற ஆளும் கிடைக்காமல் போனபோது கான்கிரீட் ஒன்றுதான் மிச்சம். அழகு பார்த்து யாரும் மாறவில்லை, ஆள் கிடைக்காமல் மாறினார்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்த ஊர்களின் கதை தனி. கூத்தாநல்லூரைக் குட்டி சிங்கப்பூர் என்பார்கள், அங்கே வீதியைப் பார்த்தாலே காரணம் புரியும். பொதுக் கட்டடங்களில் நான் முக்கியமாகச் சொல்வது பள்ளிக்கூடம். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று அகற்றினார்கள். ஊருக்கு ஊர் நூலகம், 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் வந்தது. பூட்டியிருக்காவிட்டால் உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது. உள்ளே மண் நிரப்பித் தரையை உயர்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பழைய வாசல் நிலைகளே குனிந்து போகிற உயரம், இரண்டு அடி நிரப்பினால் தவழ்ந்துதான் போக வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆனால் சிமென்ட் கலவையில் கட்டிய தனி வீட்டுக்கு அது சரி. மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டி, இரண்டு பக்கமும் நடுச்சுவரோடு ஒட்டிய வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

முதல் வேலை அந்தத் தூம்பை அடைப்பது. முற்றத்துத் தண்ணீரைத் தெருப்பக்கம் அனுப்பாமல் கொல்லைப் பக்கம் திருப்பி, அங்கே ஓர் உறிஞ்சு குழி வெட்டுங்கள். கொல்லை இன்னும் பழைய மட்டத்தில்தான் இருக்கும், அங்கே யாரும் ரோடு போடவில்லை. பிறகு வாசலில் ரோட்டை விட அரை அடி உயரமாக ஒரு வரப்பு கட்டி, அதை ஏறி இறங்குகிற மாதிரி படி வையுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கூடம் காயும்.

அடுத்த ரோடு வருவதற்கு முன் கிராம சபையில் பேசுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வெறும் புகாராகப் பேசாதீர்கள், அளவோடு போங்கள். கோயில் படிக்கட்டில் முதல் கல் எங்கும் போகாது, அதை ஆதாரமாக வைத்து டியூப் லெவல் பிடித்து, அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பார்த்து, உங்கள் வாசல் எவ்வளவு பள்ளம், ரோடு எவ்வளவு மேடு என்று எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் சுரண்டி அகற்றும் வேலையைத் தனி ஐட்டமாகச் சேர்க்கச் சொல்லித் தீர்மானத்தில் எழுத வையுங்கள். டியூப் லெவல் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையைப் பிடிக்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள், அவர் வாசல் மட்டத்தையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.